கரட் விளையுற ஊர்ல கரட் ஏன் விலை?

கேள்வி: ஐயா, நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். இங்கே கடையில் கரட் கிலோ 400 ரூபா. கொழும்பு வெள்ளவத்தையில் கடை வேலை செய்யும் என் கணவர், அங்கே சுப்பர்மார்க்கெட்டில் 380 என்கிறார். நுவரெலியாவில் 330தானாம். மற்ற மரக்கறியிலும் ஏறக்குறைய இதே 70 ரூபா வித்தியாசம். எங்கள் மண்ணில் விளைவதை நாங்களே கூடக் கொடுத்து வாங்குவதா? வாரம் ஒருமுறை பஸ்ஸில் நுவரெலியா போய் வாங்கட்டுமா? போக வர 300 ரூபா ஆகும். வாரத்துக்கு மூன்று கிலோ போதும். இப்போது கடைக் கொப்பியில் எழுதி வாங்கி, 10ஆம் திகதி சம்பளத்தில் கட்டுகிறேன்.

பதில்: சகோதரி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் கரட்டுக்கு விலை வைப்பது அது விளைந்த தோட்டம் அல்ல, லொறி போய் நிற்கும் இடம். நுவரெலியா, வெலிமடை மரக்கறியில் பெரும்பங்கு கெப்பெட்டிபொல, தம்புள்ளை, பேலியகொடை என்று மொத்தச் சந்தைகளுக்கு இறங்கிப் போகிறது. சிறு நகரக் கடைக்காரர் சில நேரம் அங்கிருந்தே திரும்ப மலைக்கு ஏற்றி வருகிறார். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அழுகல் எல்லாம் உங்கள் கரட்டின் தலையில்தான் விழும். பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளோ மலையகத்திலேயே சேகரிப்பு நிலையம் வைத்து விவசாயியிடம் நேரே எடுக்கின்றன. கொழும்பில் 20 ரூபா குறைந்திருப்பதில் மாயம் இல்லை.

நுவரெலியாப் பயணம் தனியாக என்றால் வேண்டாம். மூன்று கிலோவில் மிச்சம் 210, பஸ்ஸுக்கு 300. போகும் நாளில் இழக்கும் கூலியை நான் சேர்க்கவே இல்லை. லயத்தில் ஐந்து வீடு சேர்ந்து, முறை வைத்து ஒருவர் போனால் கதை வேறு: 15 கிலோவில் 1050 மிச்சம், பஸ் போக 750. சாக்கு மூட்டைக்குத் தனியாகக் காசு கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள்: வாங்கியதில் குப்பைக்குப் போவது எவ்வளவு என்று. 200 ரூபாவுக்கு வாங்கிய ஒரு கிலோ கோவாவில் கால் பங்கு வெளி இலையாகக் குப்பைக்குப் போனால், சட்டியில் விழுவது கிலோ 267 ரூபா கோவா. லீக்ஸும் அப்படித்தான். இலை வெட்டி வைத்த 250 ரூபாக் கோவா அதைவிட மலிவு. பலகையில் எழுதிய விலையை மட்டும் வைத்து ஊருக்கு ஊர் ஒப்பிட்டால் ஏமாறுவோம்.

ஒரே நாள் விலையை ஒப்பிடுவதும் முக்கியம். 2024 ஜனவரியில் கரட் கிலோ 2000 ரூபாவைத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மழை ஒரு வாரம் பிடித்தால் போன வாரக் கணக்கு செல்லாது. மத்திய வங்கியின் தினசரி விலை அறிக்கையில் புறக்கோட்டை, தம்புள்ளை, நாரஹேன்பிட்டி விலைகள் இருக்கும். கணவர் போனில் பார்த்துச் சொல்லலாம். அவர் வீட்டுக்கு வரும்போது புறக்கோட்டையில் வெங்காயம், பருப்பு, கருவாடு வாங்கி வரட்டும். (கொழும்பிலிருந்து கரட் சுமந்து வந்தால் மட்டும் லயத்தில் சிரிப்பார்கள்.)

எனக்கு உண்மையில் உறுத்துவது அந்தக் கொப்பிதான். கைக்காசுக்கு எவ்வளவு என்று முதலாளியிடம் கேட்டதுண்டா? 400 ரூபாக் கரட்டை அவர் கைக்காசுக்கு 375க்குத் தந்தால், சராசரியாக இரண்டு வாரக் கடனுக்குக் கிலோவுக்கு 25 ரூபா கொடுக்கிறீர்கள். மாதக் கணக்கில் நூற்றுக்கு 13 ரூபாவுக்கு மேல் வட்டி. நகை அடகில்கூட அவ்வளவு போகாது. இரண்டு விலையும் ஒன்றே என்றால் கொப்பி இருந்துவிட்டுப் போகட்டும். வித்தியாசம் இருந்தால், வரும் 10ஆம் திகதி கணக்கைத் தீர்த்ததும் மரக்கறிக்கு மட்டும் ஒரு வாரக் காசை டப்பாவில் தனியாகப் போடுங்கள். அரிசி, மா இப்போதைக்குக் கொப்பியிலேயே இருக்கலாம், எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் நிறுத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அந்தக் காசோடு சாயங்காலம் போங்கள். திரும்ப ஏற்ற மனமில்லாத வியாபாரி கூறு கட்டி மலிவாகப் போடுவார். அந்தக் கூறில் அன்றைக்கே சமைக்கக்கூடியதை மட்டும் எடுங்கள்.