அங்கிக்கு யார் அடித்த வண்ணம்?

கேள்வி: ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அங்கிகளைக் காட்டும் பழைய செதுக்கோவியப் பிரதி (உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம்) ஒன்று வாங்கினேன். வண்ணம் கையால் தீட்டியதாம். நம்பலாமா?

பதில்: பூதக்கண்ணாடியில் பாருங்கள். வரிசையாகப் பல வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. அங்கியின் மடிப்பில் சாயம் கோட்டைத் தாண்டி லேசாக வழிந்திருந்தால் தூரிகை வேலை. கோடுகள் மட்டும் அச்சாக இருக்கலாம், அது குற்றமில்லை.

சரி, அந்த வண்ணம் உண்மையா? 1814-இல் லண்டன் பதிப்பாளர் ஆக்கர்மன் வெளியிட்ட படங்களென்றால் மூலத்திலேயே கையால் நீர்வண்ணம் தீட்டியிருப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். செதுக்கோவியர் டேவிட் லோகனின் 1675 படமென்றால் மூலம் வெறும் கறுப்புக் கோடுகள்தான். வண்ணமெல்லாம் பின்னால் வந்தவர் கைவரிசை. இறையியல் முனைவரின் விழா அங்கி பளிச்சென்ற சிவப்பு, கைகளில் கறுப்பு வெல்வெட். அதையே நீலமாக அடித்திருந்தால் ஓவியருக்கு விஷயம் தெரியாது. என்னைக் கேட்டால், லோகனைச் சும்மா விட்டிருக்கலாம்.