பென் டூலில் வளைவு ஏன் நெளிகிறது? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

காரைக்குடியில் சின்னதாக ஒரு டிசைன், பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு, அந்த வீட்டு வளவில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் (கையால் செய்கிற சிமெண்டுத் தரைக்கல்) பூவையே பார்டராக வைத்துத் தரச் சொல்கிறார்கள். போனில் படம் எடுத்து, போட்டோஷாப்பில் அதன் மேலேயே வரைகிறேன். மவுஸைப் பிடித்து பிரஷ்ஷில் வரைந்தால் கோடு நடுங்குகிறது. புள்ளி வைத்துக் கோடு போடுகிற பென் டூலில் நெருக்கமாகப் புள்ளி வைத்தால் இன்னும் மோசம், கொடி முழுக்க முட்டு முட்டாக வருகிறது. பேனாவால் வரைகிற பலகையான பென் டேப்லெட் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். வாங்கலாமா?

– ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள தம்பி,

டேப்லெட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் நீங்கள் வைத்த புள்ளிகளில் முக்கால்வாசியை எடுத்துவிடுங்கள்.

நெருக்கமாகப் புள்ளி வைத்தால் வளைவு துல்லியமாக வரும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் பென் டூலில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள வளைவை நீங்கள் வரைவதே இல்லை, கணக்குதான் வரைகிறது. நீங்கள் கொடுப்பது இரண்டு புள்ளி, அவற்றிலிருந்து நீளும் இரண்டு ஹேண்டில் (இழுத்துத் திருப்புகிற பிடிக்கோடு), அவ்வளவுதான். ஹேண்டில் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் கோடு கிளம்பும். எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் அந்தப் பக்கமே போய்த் திரும்பும். நம்மூரில் கொட்டான் முடைகிற ஓலையை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து வளைத்துப் பாருங்கள், நடுவில் தொடாத வரைக்கும் அது வழவழவென்று வளையும். இடையில் நாலு இடத்தில் விரலை வைத்து அமுக்கினால் அங்கங்கே மடிப்பு விழும். உங்கள் கொடியில் விழுந்த முட்டு எல்லாம் அந்த விரல்கள்தான்.

இந்தக் கணக்கு கார் கம்பெனிகளில் பிறந்தது. சிட்ரோயனில் தெ காஸ்தல்ஜோ 1959-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் கம்பெனி ரகசியமாக வைத்துக்கொண்டது. 1960களில் ரெனோவின் பொறியாளர் பியேர் பெசியே இதே வழிக்குத் தனியாக வந்து வெளியே சொன்னார், அதனால் 'பெசியே வளைவு' என்று பெயர் அவருக்குப் போய்விட்டது (உழைத்தவன் ஒருவன், பேர் வாங்குகிறவன் ஒருவன் என்பது பிரான்ஸிலும் உண்டு போல). காரின் உடம்பு வளைவைச் சில எண்களில் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. 1987-ல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகிற மென்பொருளின் பென் டூல் இதை நம் கைக்குக் கொண்டுவந்தது. எவ்வளவு சிக்கனம் என்றால், ஒரு முழு வட்டத்துக்கு நாலு புள்ளி போதும். ஹேண்டிலின் நீளம் ஆரத்தில் சுமார் 55 சதவீதம் இருந்தால், 1000 பிக்சல் ஆரமுள்ள வட்டத்தில்கூட பிசகு கால் பிக்சலை ஒட்டித்தான் வரும். நாலு புள்ளியில் வட்டமே அடங்கும்போது ஒரு இதழுக்குப் பதினைந்து எதற்கு?

எங்கே வைப்பது? வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி, இந்த இடங்களில் வையுங்கள். ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இழுத்தால் நேர் கிடையாகவோ செங்குத்தாகவோ நிற்கும். கொடி இடப்பக்கம் வளைந்தது வலப்பக்கம் திரும்பும் இடத்தில் இன்னொன்று. ஹேண்டிலின் நீளம், அந்தத் துண்டு வளைவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் பெரும்பாலும் சரியாக உட்காரும். இலை நுனி மாதிரி கூராக வேண்டிய இடத்தில் மட்டும் ஆல்ட்டைப் பிடித்து ஹேண்டிலை உடைக்கலாம்; மற்ற இடங்களில் ஒரு புள்ளியின் இரண்டு ஹேண்டிலும் ஒரே நேர்கோட்டில்தான் இருக்க வேண்டும், நீளம் வேறுபட்டால் பரவாயில்லை. இன்னொன்று, வேண்டாத புள்ளியைத் தேர்ந்தெடுத்து டெலீட் பொத்தானை அழுத்தினால் பாத் (பென் டூலில் போட்ட கோடு) அறுந்துவிடும். பென் டூலிலேயே அந்தப் புள்ளியின் மேல் கிளிக் செய்தால் புள்ளி மட்டும் போகும்.

இனி உங்கள் கல்லுக்கு வருவோம். முழுக் கல்லையும் வரையாதீர்கள். பெரும்பாலான பூக்கள் கால் பங்கைத் திருப்பித் திருப்பி வைத்தவைதான், அந்தக் கால் பங்கை மட்டும் வரைந்து மற்றதைக் கண்ணாடி போலத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள்: ஒட்டும் இடத்தில் ஒரு மூக்கு துருத்திக்கொண்டு நிற்கும். கோடு நடு அச்சைத் தொடும் புள்ளியில் ஹேண்டில் அந்த அச்சுக்குச் செங்கோணமாக இருக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் திருப்பி வைக்கும்போது அந்தச் சாய்வு இரண்டு மடங்காகி மூக்காகிவிடும். அச்சு செங்குத்து என்றால் ஹேண்டில் கிடை. மூலைவிட்ட அச்சு என்றால் 45 பாகை, அதையும் ஷிப்ட்டே பிடித்துக் கொடுக்கும். பார்டரில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கொடி தாண்டுகிற இடத்தையும் இதே கண்ணோடு பாருங்கள்.

படத்தை அப்படியே நம்பவும் கூடாது. நின்றபடி தரையைப் படம் எடுத்தால் சதுரக் கல் சரிவகமாக விழும், சாய்வை நிமிர்த்தும் பெர்ஸ்பெக்டிவ் கிராப் போட்டுச் சதுரமாக்கிவிட்டுத் தொடங்குங்கள். அதைவிட முக்கியம், கல்லே கைவேலை. கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்டு ஊற்றி, அச்சைத் தூக்கியதும் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக் கசியும். அந்தக் கசிவு கல்லில் அழகு, பத்திரிகையில் அச்சானால் வரையத் தெரியாதவன் வரைந்த மாதிரி இருக்கும். படத்தைப் பார்த்து மென்பொருளே கோடு போடும் ஆட்டோ டிரேஸ் போட்டால் ஒவ்வொரு கசிவுக்கும் புள்ளி வைத்துத் தள்ளும், அந்தப் பக்கமே போகாதீர்கள். அச்சுத் தகடு எப்படி வளைந்திருக்கும் என்று யோசித்து அதை வரையுங்கள், நிறத்தின் ஓரத்தை அல்ல.

பாத் சரியாக இருந்தும் கோடு படிக்கட்டாகத் தெரிந்தால், பாத்தின் மேல் மை ஓட்டுகிற ஸ்ட்ரோக் பாத் பெட்டியில் பென்சில் தேர்வாகியிருக்கும். அதை பிரஷ்ஷாக மாற்றுங்கள். சிமுலேட் பிரஷர் டிக்கையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கோட்டின் முனைகள் மெலியும். 100 சதவீத ஜூமில் பார்த்து முடிவு செய்யுங்கள், 800-ல் எல்லாக் கோடும் படிக்கட்டுதான். போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப் என்ற மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் பாத்ஸ் டூலில் இருக்கிறது, பொத்தான்கள்தான் மாறும்.

டேப்லெட் விஷயம்: கையால் படம் வரைந்து நிறம் தீட்டும் ஆர்டர்கள் வந்தால் வாங்குங்கள், பிரமாதமாக உதவும். இந்தப் பூவுக்கு உங்கள் மவுஸே போதும்.