இந்த வருடம் எந்தப் பக்கம்?

வாசகர் கேள்வி – பதில்

புது வருடத்தை ஒட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: இனி எந்தப் பக்கம் போவது, அதை எப்படித் தெரிந்துகொள்வது? நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு இடம் அதிகம் போகும். அது அப்படிப்பட்ட கடிதம்.

கேள்வி: அம்மா, எனக்கு 38 வயது. திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். ஒவ்வொரு ஜனவரியிலும் புது டைரியில் தீர்மானம் எழுதுவேன். வாக்கிங், இங்கிலீஷ் கிளாஸ், நகைச்சீட்டு, எடை குறைப்பது. பொங்கல் முடிந்ததும் அதே டைரியில் பால் கணக்கு ஏறிவிடும். “உனக்குப் பிடித்ததைச் செய்” என்கிறார்கள். எனக்கு என்ன பிடிக்கும் என்பதே தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலமாவது உட்கார்ந்து யோசிக்கலாம் என்றால், தையல் லைனில் இருக்கும் பெண்கள் பி.எஃப். விஷயமாக வந்துவிடுகிறார்கள். ஓர் அக்காவுக்கு ஆதாரில் ஓர் இனிஷியல், பி.எஃப். கணக்கில் வேறு இனிஷியல். கிளெய்ம் ரிஜெக்ட் ஆகி அழுதுகொண்டு வந்தார். கம்பெனி ஹெச்.ஆரிடம் நடையாய் நடந்து, படிவம் கொடுத்து, ஆன்லைனில் திருத்தி, பணம் வந்த அன்றைக்குத்தான் விட்டேன். இப்படியே என் நேரம் போகிறது. என்னை நானே எப்படிப் பார்த்துக்கொள்வது? – வாசகி, திருப்பூர்

பதில்: கண்ணு, உங்கள் கடிதத்தில் வாக்கிங்குக்கு ஒரு சொல், எடைக்கு இரண்டு சொல். அந்த அக்காவின் இனிஷியலுக்கு மட்டும் ஐந்து வரி. நேரம் போகிறது என்று சலித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் உயிரோடு இருப்பது அந்த ஐந்து வரிதான். யார் சொல்லி அந்த வேலையைச் செய்தீர்கள்? யாரும் சொல்லவில்லை. பணம் வரும்வரை ஏன் விடவில்லை? உங்களால் விட முடியவில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை என்கிறவர், அதை எனக்கே எழுதி அனுப்பியிருக்கிறார்.

அதனால் யோசித்துக் கண்டுபிடிக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டாம். கண்ணை மூடினால் நாம் எப்படி இருக்க ஆசைப்படுகிறோமோ அந்த ஆள்தான் எதிரே வந்து நிற்பார். நடந்து முடிந்த வருடத்தை எடுத்துப் பாருங்கள், அதற்குச் சாட்சி இருக்கிறது. போனில் உள்ள போட்டோக்களை ஜனவரியிலிருந்து மாதவாரியாகத் தள்ளிப் பாருங்கள். ஜிபே பட்டியலைப் பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் யாரிடம் நீளமாகப் பேசியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தப் பால் கணக்கு டைரியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எந்த மாதத்தில் வீட்டில் ஆட்கள் கூடினார்கள், எப்போது ஊருக்குப் போனீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு தாளில் மாதம் ஒன்றுக்கு மூன்று வரி போதும். யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது என்ன, செய்ய வேண்டும் என்று தெரிந்தும் தள்ளிப்போட்டது என்ன, எந்த நாளில் களைப்பு தெரியாமல் வேலை ஓடியது? ஷிப்மென்ட் நெருக்கடி மாதங்களில் மூன்றாவது வரி காலியாக இருக்கும். இருக்கட்டும், இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள்.

இந்தத் தாளில் ‘ஏன்’ என்ற கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். “நான் ஏன் இப்படி இருக்கிறேன்?” என்று கேட்டால் மாமியார் வருவார், பெற்றோர் வருவார்கள், கல்யாணமான வருடம் வரும், கடைசியில் அழுகை வரும். அமெரிக்க உளவியலாளர் டாஷா யூரிக், தன்னை அறிதல் பற்றிய தம் ஆய்வுகளை வைத்து இதையேதான் சொல்கிறார்: ‘ஏன்’ என்று கேட்பதைவிட ‘என்ன’ என்று கேட்பது கைகொடுக்கும். என்ன நடந்தது, அப்போது எனக்கு என்ன தோன்றியது, இனி என்ன செய்யலாம்.

அடுத்தது உங்கள் பழைய தீர்மானங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். இங்கிலீஷ் கிளாஸ் உங்கள் மேனேஜர் சொன்னதா? எடை, நாத்தனார் கல்யாண வீட்டில் சொன்னதா? நகைச்சீட்டு மகளுக்காகவா? அடுத்தவர் சொன்னது என்பதற்காக ஒன்றை விட்டுவிட வேண்டியதில்லை, நகைச்சீட்டு நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் பெயர் ஒரு வரியில்கூட இல்லை என்றால், பொங்கலோடு டைரி நின்றுபோனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பி.எஃப். வேலைதான் உங்கள் வழி என்று நான் தீர்ப்பு சொல்லவில்லை. உங்கள் தாளில் அது திரும்பத் திரும்ப வருகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். வருகிறது என்றால் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பி.எஃப். அலுவலகம் ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற பெயரில் மாதந்தோறும் 27-ம் தேதி மாவட்டங்களில் குறைதீர் முகாம் நடத்துகிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். இடம் எது என்று விசாரித்துக்கொண்டு, ஜனவரி முகாமுக்குப் பிரச்சினை உள்ள இரண்டு பெண்களை அழைத்துப் போங்கள். வீடு திரும்பும்போது மனசு எப்படி இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு வருடக்கணக்கில் படிக்கிறேன். கட்-ஆஃப் ஒவ்வொரு முறையும் தப்பிப்போகிறது. சுயபரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். செய்ய உட்கார்ந்தால் ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்றுதான் முடிகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கூடப் படித்தவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வருடம் படிக்கலாமா? – வாசகர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, நீங்கள் செய்வது உங்களை நீங்களே அடித்துக்கொள்வது. சுயபரிசோதனை என்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது பழைய வினாத்தாள்கள். மொத்தம் 300 மதிப்பெண்ணுக்கு 200 கேள்வி: தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, திறனறியில் 25. கடைசியாக எழுதிய தேர்வின் விடைக்குறிப்பை வைத்து இந்த மூன்றிலும் தனித்தனியாக எத்தனை போனது என்று எண்ணுங்கள். திறனறியில் போயிருந்தால், தினம் ஒரு மணி நேரக் கணக்கில் அது சரியாகிவிடும். தமிழில் போயிருந்தால் பள்ளிப் பாடநூலை முழுதாக முடிக்கவில்லை என்று அர்த்தம். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தால் அது வேறு கதை, அங்கே நேர்மையாக நிற்க வேண்டும்.

கவலைகளுக்கு வேதாத்திரி மகரிஷி ஒரு வழி சொன்னார். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்தவர். தறி முன்னால் உட்கார்ந்த கைதான், பிறகு அகத்தாய்வு என்ற பயிற்சியை வகுத்தது. ஆழியாறில் இன்றும் அதைச் சொல்லித் தருகிறார்கள். கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொன்னார்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. நண்பர்களின் கல்யாணப் பத்திரிகை மூன்றாவது வகை. உங்கள் கல்யாணம் இரண்டாவது. அம்மாவின் உடம்பு நான்காவது, அதற்கு இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு படித்தால் எந்தப் பக்கமும் மனதில் ஏறாது.

இன்னும் ஒரு வருடம் படிக்கலாமா என்றால், என் கருத்து: படியுங்கள், ஆனால் வேலை பார்த்துக்கொண்டே. கூரியர் ஆபீஸோ, ஜெராக்ஸ் கடையோ, டியூஷனோ எதுவானாலும் பரவாயில்லை, காலையில் சட்டை போட்டுக் கிளம்ப ஓர் இடம் வேண்டும். நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் நாள் முழுக்கப் படிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த தேர்வு முடிவு வரும் நாளைக் கடைசி எல்லையாக வைத்து, அதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தீர்மானம் எடுக்க ஜனவரி 1 சரியா, சித்திரை 1 சரியா? – வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் சரி, ஐயா. உங்கள் பிறந்தநாளும் சரி. மனிதர்கள் ஒரு புதிய தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள் என்பதை ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற மூவர் 2014-ல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். வாரம், மாதம், வருடம் பிறக்கும்போது ஜிம்முக்குப் போகிறவர்கள் கூடுகிறார்களாம்.

நின்றுபோன பிறகு என்ன செய்வது என்பதில்தான் எனக்கு அக்கறை. தபால் அலுவலகத்தில் சிறுசேமிப்பு கவுண்டரில் நான் இருந்த காலத்தில், ஆர்.டி. கணக்கில் ஒரு மாதம் கட்டத் தவறியவர்கள் வெட்கப்பட்டு அடுத்த மாதமும் வராமல் இருந்துவிடுவார்கள். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், அவ்வளவுதான். தொடர்ந்து நான்கு தவணை தவறினால்தான் கணக்கு நிற்கும், அதற்குப் பிறகும் புதுப்பிக்க இரண்டு மாதம் உண்டு. இது தெரியாமல் எத்தனையோ பேர் நல்ல சேமிப்பைக் கைவிட்டார்கள். உங்கள் தீர்மானத்துக்கும் இந்தச் சலுகையைக் கொடுங்கள். ஜனவரி 1 தவறினால் சித்திரை 1 இருக்கிறது.

கேள்வி: மகளிடம் சொல்லி எழுத வைக்கிறேன். எனக்கு எழுதப் படிக்க அவ்வளவு வராது. வயல் வேலை, மாடு, வீடு. வீட்டுக்காரர் போன பிறகு என்ன செய்வது, யாருக்காகச் செய்வது என்று புரியவில்லை. டைரி எழுதாதவங்க தன்னைப் பார்க்க முடியாதா? – வாசகி, மன்னார்குடி அருகே

பதில்: நல்லாவே முடியும் தாயி. மனதில் இருப்பதை எழுதினால் உடம்புக்கும் நல்லது என்பதை ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-லேயே காட்டினார். கல்லூரி மாணவர்களை, மனதை வருத்திய விஷயத்தைத் தினம் 15 நிமிடமாக நான்கு நாள் எழுதச் சொன்னார். பிறகு அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. எழுத வராதவர்களுக்கு வாய் இருக்கிறது. மகள் போனில் குரல் பதிவு இருக்கும், அதை அழுத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் திண்ணையில் உட்காரும்போது, போன வருடத்தில் உங்களை அசைத்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலவே பேசுங்கள். அழுகை வந்தால் வரட்டும். ஆனால் பேசப் பேசப் பாரம் கூடுகிறது, தூக்கம் போகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைப் பாருங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் பேசுவார்கள், காசு கிடையாது.

யாருக்காக என்று கேட்டீர்கள். உங்களை உட்கார வைத்துக் கேட்டு, இத்தனை வரியையும் பொறுமையாக எழுதி அனுப்பிய பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறாள். அவளிடம் ஒரு நாள், “எனக்கு எது நல்லா வரும்னு நீ நினைக்கிற?” என்று கேளுங்கள். அவள் சொன்னதை அடுத்த கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.