"போனை நோண்டுறதுக்கு ஒரு படிப்பா, சார்?"

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் மார்க்கெட் பக்கத்து ஒட்டுக்கடையில் போன வாரம் ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தோட்டத்தில் செம்பனை நாற்றுமேட்டு வேலை, கணவர் லோரி ஓட்டுகிறார். மகள் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். "டிஜிட்டல் மார்க்கெட்டிங்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா சார். போனை நோண்டுறதுக்கு ஒரு படிப்பா? நர்சிங்குக்குப் போன்னு நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்றால் இணையம் வழியாக விளம்பரம் செய்து பொருள் விற்பது. தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இந்த மாதம் இன்னும் நாலைந்து வீட்டில் இருந்து வந்துவிட்டார்கள்.

அம்மா, முதலில் ஒன்று. நர்சிங்குக்குப் போ என்று நான் சொல்லப் போவதில்லை. ரத்தத்தைப் பார்த்தால் மயங்குகிற பிள்ளை என்று நீங்களே சொன்னீர்கள். அதற்காக அவள் ஆசைக்கு அப்படியே தலையாட்டவும் போவதில்லை. மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள். பாட்டி முறுக்கு பிழிகிற வீடியோ. முகம் தெரியாது, அச்சைப் பிடித்த கையும் எண்ணெயில் விழுகிற சுற்றும் மட்டும்தான். டிக்டாக்கில் 40,000 பேர் பார்த்திருக்கிறார்கள். நன்றாகத்தான் எடுத்திருந்தாள், பொய் சொல்லக் கூடாது.

"எத்தனை பேர் வாங்கினார்கள்?" என்று கேட்டேன். மூன்று பேர் விலை கேட்டார்களாம். அதில் இரண்டு பேர் சென்னைக்காரர்கள். வீடியோவில் விலை இல்லை, ஊர்ப்பேர் இல்லை, புலன (வாட்ஸ்அப்) எண்ணும் இல்லை. நாற்பதாயிரம் பேர் பார்த்த சந்தோஷத்தில் விற்க மறந்துவிட்டாள். இந்தத் துறையில் படிக்க வேண்டியது என்ன என்று நீங்கள் கேட்டால், அந்த 40,000-க்கும் மூன்றுக்கும் நடுவில் இருப்பதைத்தான்.

அவளிடம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிறவர். முகநூலில் 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) விளம்பரம் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 4,000 பேர் கண்ணில் படுகிறது. 80 பேர் தட்டிப் பார்க்கிறார்கள், நூற்றுக்கு இரண்டு பேர். 12 பேர் புலனத்தில் விலை கேட்கிறார்கள். 5 பேர் ஆளுக்கொரு பொட்டலம் வாங்குகிறார்கள். பொட்டலத்துக்கு 4 வெள்ளி லாபம் என்றால் கையில் வந்தது 20 வெள்ளி, போனது 50. முப்பது வெள்ளி நஷ்டம். இங்கேயே பாதிப் பேர் "ஆன்லைன்ல விக்காது" என்று கையை உதறிவிடுவார்கள். ஆனால் அந்த ஐந்து பேரில் மூன்று பேர் தீபாவளிக்குத் திரும்ப வந்து ஆளுக்குப் பத்துப் பொட்டலம் எடுத்தால்? 120 வெள்ளி. மொத்தத்தில் 90 வெள்ளி மிச்சம்.

அப்புறம் இன்னொரு கேள்வி இருக்கிறது. விலை கேட்ட 12 பேரில் 7 பேர் ஏன் வாங்கவில்லை? இதை அவளையே யோசிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் ராத்திரிதான் சார் ரிப்ளை பண்ணுவேன்" என்றாள். காலையில் கேட்டவனுக்கு ராத்திரி பதில் போனால் அவன் மத்தியானமே வேறு கடையில் வாங்கியிருப்பான். நான் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்தாள் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு அவள் மேல் நம்பிக்கை வந்தது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். "இன்னிக்கு இருக்கு, நாளைக்கு இருக்குமா?" என்று கேட்டீர்களே, நியாயமான பயம். நீங்கள் கல்யாணத்துக்கு முன் சைபர் கஃபேக்குப் போய் ஃபிரெண்ட்ஸ்டர் என்ற நட்புத் தளத்தைப் பார்த்ததாகச் சிரித்தீர்கள். அந்த ஃபிரெண்ட்ஸ்டரை 2009-ல் நம் நாட்டு எம்.ஓ.எல். நிறுவனமே வாங்கியது. 2011-ல் அது விளையாட்டுத் தளமாக மாறியது, சில ஆண்டுகளில் அதுவும் மூடப்பட்டது. டிக்டாக்கிலேயே பொருள் விற்கிற டிக்டாக் கடை மலேசியாவுக்கு வந்ததே 2022-ல்தான். முன்பெல்லாம் நம்மைப் பின்தொடர்கிறவர்களுக்குத்தான் நம் பதிவு போகும், அதனால் ஆள் சேர்ப்பதே வேலையாக இருந்தது. இப்போது ஒருவர் எதை எவ்வளவு நேரம் நின்று பார்க்கிறார் என்று பார்த்துச் செயலியே அடுத்ததை எடுத்துப் போடுகிறது. ஆகவே நேற்றுக் கணக்குத் திறந்தவளின் வீடியோகூட 40,000 பேருக்குப் போகும், அடுத்த வீடியோ 200 பேரோடு நின்றும் போகும். இதைத் திறமை என்றும் நம்பக் கூடாது, தோல்வி என்றும் அழக் கூடாது.

பெரிய நிறுவனத்துக்கே இந்த ஆட்டம் உண்டு. 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஐபோனில் ஒருவரைச் செயலிகள் பின்தொடர வேண்டுமானால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கொண்டுவந்தது. யார் விளம்பரம் பார்த்து வாங்கினார்கள் என்பது முகநூலுக்குச் சரியாகத் தெரியாமல் போனது. அதனால் 2022-ல் மட்டும் சுமார் 10 பில்லியன் டாலர் வருமானம் குறையலாம் என்று அதன் தாய் நிறுவனமான மேட்டாவே சொன்னது. ஆகவே ஒரு செயலியின் பொத்தான்களை மட்டும் கற்றுக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வாள்.

இதில் நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். 2023 தொடக்கத்தில் ஒரு தம்பி, ஹோட்டல் மண்டபத்தில் மூன்று நாள் வகுப்பு, 3,800 வெள்ளி, முடிவில் சான்றிதழ் என்று ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். நானும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "போய்ட்டு வாப்பா" என்றேன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் போனான். அங்கே பாதி நேரம் சொல்லிக் கொடுத்தது இணையத்தளத்துக்கு யார் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கிற கூகுளின் பழைய அனலிடிக்ஸ். அதை அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதியோடு கூகுள் நிறுத்தப் போகிறது என்று முந்தின வருடமே அறிவித்தாகிவிட்டது. அவன் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்தபோது புத்தகத்தில் இருந்த படம் ஒன்று, திரையில் வந்தது இன்னொன்று. இன்றைக்கும் அவன் எதிரே வந்தால் எனக்குக் கூச்சம்தான். கூகுளின் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி என்ற இணையப் பயிற்சித் தளங்களில் இதே விஷயத்தை இலவசமாகவே படிக்கலாம், தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கலாம். காசு கொடுத்துக் குறுகிய கால வகுப்புக்குப் போவதாக இருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

முறையான படிப்புக்கு வழி இருக்கிறது. பொதுவாக எஸ்.பி.எம்.மில் மூன்று பாடத்தில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) இருந்தால் டிப்ளமாவுக்கு விண்ணப்பிக்கலாம். மலாய் மொழியும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை, அது உங்களுக்கே தெரியும். சில பாலிடெக்னிக்குகளில் மார்க்கெட்டிங் டிப்ளமா உண்டு, அரசு உயர்கல்வி விண்ணப்பத் தளமான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். எடுத்தால் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறை என்று கதவு அகலும். தனியார் என்றால் ஈப்போ தாண்டிக் கம்பாரில் யூட்டார் பல்கலைக்கழகம் இருக்கிறது. எந்தத் தனியார் கல்லூரியாக இருந்தாலும் அந்தக் குறிப்பிட்ட பாடம் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிற எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். அங்கீகாரம் இல்லாத பாடத்துக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடனும் கிடைக்காது. பாடத்தின் பெயரில் "டிஜிட்டல்" இருக்கிறதா என்பதைவிட உள்ளே கணக்கு, புள்ளியியல், நுகர்வோர் நடத்தை இருக்கிறதா என்று பாருங்கள்.

சம்பளத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். சின்ன நிறுவனங்கள் தொடக்கத்தில் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை ஒட்டித்தான் பேசும். பதிவு எழுது, படம் எடு, வாடிக்கையாளருக்குப் பதில் சொல், ராத்திரி எட்டு மணிக்கு நேரலையில் நின்று விற்றுக்கொடு என்று நாலு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டுகிற முதலாளியும் இருக்கிறார். சாட்ஜிபிடி வந்த பிறகு சும்மா நாலு வரி எழுதுகிற வேலைக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. ஆனால் தமிழ்க் குடும்பத்துக்கு எப்படிப் பேச வேண்டும், மலாய்க்கார மக்சிக்கு (பெரியம்மாவுக்கு) எப்படிச் சொன்னால் வாங்குவார், ஆங்கிலத்தில் எங்கே சுருக்க வேண்டும் என்று உங்கள் மகளுக்குத் தெரியும். மூன்று மொழியும் பள்ளியிலும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் கிடைத்தது. அதை அவள் ஒரு தகுதியாகவே நினைக்கவில்லை, நான்தான் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் தினம் 150 வெள்ளி" என்று டெலிகிராமில் வருவதெல்லாம் மோசடி. முதலில் பத்து, இருபது கொடுப்பான், பிறகு முன்பணம் கட்டச் சொல்வான். பணம் போய்விட்டால் உடனே பண மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். அதே மாதிரி "மார்க்கெட்டிங் வேலை, கம்போடியா, டிக்கெட் இலவசம்" என்று வந்தால் பதிலே போட வேண்டாம். நம் நாட்டுப் பிள்ளைகள் அப்படிப் போய் அடைபட்டுக் கிடந்த செய்தியை 2022-ல் நாம் எல்லாரும் படித்தோம்.

முடிவு வரும்வரை அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பாட்டி முறுக்கை எட்டு வாரத்துக்கு அவளே விற்க வேண்டும். விளம்பரத்துக்கு மொத்தமே 100 வெள்ளிதான், அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு நோட்டில் தேதி, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கேட்டார்கள், வாங்கினவர் எத்தனை, வாங்காதவர் என்ன காரணம் சொன்னார் என்று தினமும் எழுத வேண்டும். முகம் காட்ட வேண்டாம், பாட்டி கையே போதும். வாடிக்கையாளர் எண்களைத் தோழிகளிடம் கொடுக்கக் கூடாது.

நான்காவது வாரத்திலேயே நோட்டில் பக்கம் காலியாகக் கிடந்தால் என்னிடம் சொல்லுங்கள், நர்சிங் வேண்டாம், வேறு துறைகளைப் பற்றிப் பேசுவோம். எழுதிக்கொண்டிருந்தால் எட்டாவது வாரச் சனிக்கிழமை நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள். அப்பாவும் வரட்டும். முறுக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வையுங்கள், காசு கொடுத்துத்தான் வாங்கிக்கொள்வேன்.