மௌவல்: பேர் நல்லது, எழுத்தில்தான் கவனம்

கேள்வி: மகள் பிறந்து மூன்று கிழமை. மகம் நட்சத்திரம், 'ம'வில் பேர் வேண்டும். 'மௌவல்' எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அம்மம்மாவோ, "மௌனம் மாதிரிக் கிடக்கு, பிள்ளை வாய் திறக்காது" என்கிறா. அப்படியொரு பூ உண்மையில் இருக்கிறதா? (களுவாஞ்சிக்குடி வாசகி)

பதில்: இருக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் மௌவலும் ஒன்று. ஞாழலுக்கு அடுத்ததாக வரும். அகராதிகள் காட்டு மல்லிகை என்கின்றன. மௌனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மௌனம், முனி என்பதிலிருந்து வந்த வடசொல்.

எனக்குப் பிடித்தது அகநானூறு 21ஆம் பாட்டில் வரும் மௌவல். வீட்டு நொச்சியில் படர்ந்திருக்கும் அதன் வெள்ளை மொட்டுகளை இணை இணையாக நிரைத்து வைத்தது போல இருக்கின்றனவாம் தலைவியின் பற்கள். காட்டு மல்லிகை என்று பேர் இருந்தாலும், அங்கே அது வளவுக்குள் வளர்கிற கொடிதான். உங்கள் மகளுக்குப் பல் முளைக்க இன்னும் மாதங்கள் கிடக்கின்றன, அது வேறு கதை.

சிக்கல் எழுத்தில்தான். 'மௌ'வை 'மெ'யும் 'ள'வுமாகத் தட்டுகிறவர்கள் ஏராளம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கணினிக்கு மட்டும் அது 'மெளவல்' என்ற வேறு சொல். பள்ளிக்கூடப் பதிவில் தேடும்போது பிள்ளையின் பேர் அகப்படாது. சோதிக்க ஒரு வழி: 'மௌ' மட்டும் தட்டிவிட்டு பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். 'ம' மிஞ்சினால் சரி, 'மெ' மிஞ்சினால் பிழை.

'மவ்வல்' என்றும் எழுதலாம். அகரமும் வகர மெய்யும் சேர்ந்து ஔ போல ஒலிப்பதை நம் இலக்கணமே ஏற்கிறது. மகத்துக்குச் சொல்லும் ம, மி, மு, மெ என்ற நான்கில் 'மௌ' இல்லையே என்று சாத்திரியார் இழுத்தால் இந்த எழுத்து கைகொடுக்கும். ஆனாலும் நானென்றால் 'மௌவல்' என்றே வைப்பேன். நாளைக்கு அவள் சங்கப் பாட்டில் தன் பேரைத் தேடினால் அப்படித்தான் அச்சாகியிருக்கும்.

ஆங்கிலத்தில் எம், ஏ, யூ, வி, ஏ, எல் போதும். ஏ இருக்கிற இடத்தில் ஓ போட்டால் வகுப்பில் 'மூவல்' என்று கூப்பிடுவார்கள்.

இலங்கையில் பிறப்பைப் பதிய, பிறந்த நாளிலிருந்து 42 நாள் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். பேரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய்ப் பதிவாளரிடம் கொடுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். பிறகு திருத்துவதென்றால் பிரதேச செயலகத்துக்கு நாலு தரம் நடக்க வேண்டி வரும்.

அம்மம்மாவுக்கு நொச்சியைத் தெரியாமல் இருக்காது. தடிமனுக்கு ஆவி பிடிக்க இலை ஒடித்த கையாயிற்றே. அந்த நொச்சியில் ஏறிப் பூக்கிற கொடி என்று சொல்லிப் பாருங்கள்.