முழு மார்பகத்தையும் எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் தங்கைக்கு 41 வயது. இடது மார்பில் இருந்த சிறு கட்டி நான்கே மாதத்தில் 9 செ.மீ. ஆகிவிட்டது. பயாப்சியில் ‘ஃபில்லாய்ட்ஸ், பார்டர்லைன்’ என்று வந்திருக்கிறது. மார்பகத்தை முழுவதும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அவசியமா? பிறகு மார்பகத்தைச் சீரமைக்க எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

பதில்: ஃபில்லாய்ட்ஸ் என்பது மார்பகத்தில் வரும் ஓர் அரிய கட்டி. ‘பார்டர்லைன்’ என்றால் சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கும் இடைப்பட்டது என்று பொருள். மார்பகக் கட்டிகளில் நூற்றில் ஒன்றுகூட ஃபில்லாய்ட்ஸ் இருக்காது. வெட்டிப் பார்த்தால் நறுக்கிய முட்டைக்கோஸ் போல மடிப்பு மடிப்பாகத் தெரியும். அதனால்தான் 1838இல் ஜெர்மானிய மருத்துவர் யோஹானஸ் முல்லர் கிரேக்க மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லால் இதற்குப் பெயர் வைத்தார்.

ஃபைப்ரோஅடினோமா என்னும் சாதாரண, புற்றல்லாத கட்டியைப் பலாக்கொட்டையை உருவுவதுபோல எடுத்துவிடலாம். பார்டர்லைன் ஃபில்லாய்ட்ஸை அப்படி எடுக்கவே கூடாது. மிச்சம் நின்றால் மறுபடி முளைக்கும். சுற்றிலும் 1 செ.மீ. நல்ல திசுவோடு சேர்த்து எடுப்பதே முறை. எடுத்த திசுவில் மேல்பக்கம் குட்டை நூலும் வெளிப்பக்கம் நீள நூலும் தைத்து அனுப்புவோம். நோயியல் மருத்துவர் ஓரங்களில் மை பூசி, கட்டி மையைத் தொடுகிறதா என்று பார்ப்பார்.

ஆகவே, கட்டியின் பெயரை மட்டும் வைத்து முழு மார்பகத்தையும் எடுக்க வேண்டியதில்லை. அந்த 1 செ.மீ. போக எவ்வளவு மார்பகம் மிஞ்சும் என்பதே கேள்வி. பெரிய மார்பகமென்றால் மிச்சத்தைத் திருத்தி அமைத்துக் காப்பாற்ற முடியும். சிறிய மார்பகத்தில் 9 செ.மீ. கட்டி என்றால் உங்கள் மருத்துவர் சொல்வதே சரி. அக்குளில் உள்ள நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. இது நிணநீர் வழியே பரவுவது மிக அரிது.

சீரமைப்புக்குக் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. பலருக்கு அதே மயக்கத்திலேயே செய்துவிட முடிகிறது. கட்டி தோலை இழுத்து விரித்திருக்குமே தவிர, பெரும்பாலும் துளைத்திருக்காது. அந்தத் தோலே உறையாக உதவும். உள்ளே சிலிக்கோன் பை வைக்கலாம். முதுகுத் தசையை அதன் ரத்தக்குழாய் அறுபடாமல் முன்னே திருப்பிக் கொண்டுவரலாம். அடிவயிற்றுக் கொழுப்பையும் தோலையும் எடுத்து நுண் அறுவை சிகிச்சையில் பொருத்தலாம். ரேடியேஷன் தேவைப்படலாம் என்று மருத்துவர் கருதினால் நான் சொந்தத் திசுவையே சொல்வேன். கதிர்வீச்சு பட்டால் சிலிக்கோன் பையைச் சுற்றி இறுக்கம் வரும் வாய்ப்பு அதிகம்.

தேதி குறிக்கும் முன்பே பிளாஸ்டிக் சர்ஜனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தழும்பு எங்கே வரும், தோல் எவ்வளவு மிஞ்சும் என்பதை இரு மருத்துவர்களும் சேர்ந்து தங்கையின் உடம்பில் பேனாவால் வரைந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். மறுபடி வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் வரும். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையைத் தவறவிட வேண்டாம்.