விபத்து இழப்பீடு: உங்கள் சார்பில் யார் போகலாம்? (கேள்வி-பதில்)

அப்பா ஜிப்மரில் காலில் பிளேட் வைத்துப் படுத்திருக்கிறார். அவருக்காக நான் மனு போடலாமா? (ரெட்டிச்சாவடி)

போடலாம். அடிபட்டவர் முறைப்படி அதிகாரம் கொடுத்த ஏஜென்டும் தாக்கல் செய்யலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவு. அதிகாரத்தை எழுத்தில் வாங்குங்கள். வாதாட வக்கீல் வேண்டும். அப்பாவின் சாட்சியத்தை நீங்கள் சொன்னால் எடுபடாது.

விபத்து கிருமாம்பாக்கத்தில், வீடு கடலூரில். மனு எங்கே?

கடலூரிலேயே போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல் மட்டும் புதுச்சேரி போலீஸிடம். கெடு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம், மறக்காதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர், "செலவே வேண்டாம், வருவதில் 30 சதவீதம் போதும்" என்றார். இரண்டு வெள்ளைத்தாளிலும் ஒரு செக்கிலும் கையெழுத்துப் போட்டோம். சரிதானே?

சரியே இல்லை. எத்தனை முறை எழுதினாலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள்! எட்டு லட்சம் வந்தால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் அவருக்கு. வக்கீலே ஆனாலும் தீர்ப்புத் தொகையில் பங்கு பேச பார் கவுன்சில் விதி இடம் தராது. வாசலில் ஆள் பிடிக்கும் தரகர்களைப் பட்டியலிட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பட்டியலில் இருப்பவர் தொழிலைத் தொடர்ந்தால் 3 மாதம் வரை சிறை.

கமிஷனைவிடப் பெரிய ஆபத்து அந்த வெள்ளைத்தாள். குறைந்த தொகைக்குச் சம்மதம் என்று அதில் எழுதி லோக் அதாலத்தில் (சமரசமாக வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) முடித்துவிட்டால் அப்பீல் கிடையாது. இன்றே பேங்கில் அந்தச் செக்கை நிறுத்துங்கள். கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்து பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வக்காலத்து (உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரம்) தாக்கலாகியிருந்தால் அந்த வக்கீலின் சம்மதத்தோடோ கோர்ட் அனுமதியோடோ மாற்றலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பாராமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். இழப்பீடு உங்கள் கணக்குக்கே வர வேண்டும், பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மோதிய வண்டி நிற்கவே இல்லை. எது என்றும் தெரியவில்லை.

மோதிவிட்டு ஓடிய வண்டி தெரியாவிட்டாலும் அரசுத் திட்டத்தில் இழப்பீடு உண்டு: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. கோட்ட வருவாய் அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பியுங்கள். இதற்கு வக்கீலும் வேண்டாம், தரகரும் வேண்டாம்.

ஏஜென்டிடம் கொடுத்து ஐந்து மாதம். என் கேஸ் என்ன ஆச்சு?

ஊரும் இல்லை, எண்ணும் இல்லை. எதை வைத்துச் சொல்வது? எம்.சி.ஓ.பி. எண் (விபத்து இழப்பீட்டு மனுவின் எண்), ஆண்டு, கோர்ட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம். தர மறுத்தால், மனு போட்டாரா என்று கோர்ட்டிலேயே விசாரியுங்கள். விபத்து நாளிலிருந்து கணக்கிட்டால் கெடுவுக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான்.